சிவப்பில் மின்னிய பெயர்

பாலவனத்தத்திலிருந்து பஸ் ஏறி மில்லுக்கு வந்த அனுசியா, வாசலில் புதிதாக வைத்திருந்த கம்ப்யூட்டர் திரையைப் பார்த்து நின்றுவிட்டாள். மற்ற தொழிலாளர்கள் பெயரெல்லாம் வெள்ளை எழுத்தில் இருக்க, அவள் பெயர் மட்டும் சிவப்பாக மின்னி மின்னி அணைந்தது.

"என்னண்ணே, எம் பேரு மட்டும் இப்படி இருக்கு?"

"எனக்கும் வெளங்கலம்மா. புரோகிராம் எழுதுன ஹாரிஸ் மத்தியானம் வருவான், கேப்போம்" என்றார் சூப்பர்வைசர் சந்தனம்.

வேலையை விட்டு நிறுத்தப் போகிறார்களோ? அன்று அவள் டீ குடிக்கக்கூடப் போகவில்லை. அறுந்த இழைகளை ஓடி ஓடிப் பிணைத்தாள். சந்தனம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மதியம் வந்த ஹாரிஸ் அவளைக் கண்டு திகைத்தான்.

"அக்கா, நீங்க ஏன் இன்னைக்கு வந்தீக?"

"அப்ப என்னைய நிப்பாட்டியாச்சா தம்பி?"

"காலண்டர்ல ஞாயித்துக்கெழமை என்ன கலருக்கா? இந்த வாரத்துலருந்து உங்களுக்கு இன்னைக்குத்தான் வார லீவு. பளிச்சுன்னு தெரியட்டும்னு செவப்பு குடுத்து மின்ன வச்சேன்."

போன உயிர் திரும்பி, அனுசியா பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். முதுகுக்குப் பின்னால் சந்தனத்தின் குரல் தணிந்து கேட்டது.

"ஏப்பா, காலண்டர் கதைய வேற யார்ட்டயும் சொல்லாத. நாளைக்கு எல்லார் பேரையும் செவப்பாக்கிரு. அந்த மின்னுறதும் இருக்கட்டும்."