மூணு சக்கரத்துக்கு பிரேக்

முந்தின நாள் இறக்கத்தில் நிற்காமல் ஓடிக் குளத்துக்குள் இறங்கிய மோட்டார் காரைக் குனிந்து பார்த்தார் ராமானுஜம். மதுரையிலிருந்து வந்து நாகர்கோவிலில் புதிதாகப் பட்டறை போட்டிருப்பவர்.

“பழைய பிரேக் போச்சு முதலாளி. ரெண்டு சக்கரத்துக்குப் போட்டாப் போதுமா? நாலு சக்கரத்துக்குப் போட்டா உசுருக்குப் பயமில்லை.”

தேங்காய் வியாபாரி பொன்னுலிங்கம் தாடையைச் சொறிந்தார். “ரெண்டு போரும்.”

காரில் இனி ஏறவே மாட்டேன் என்று ஒதுங்கி நின்ற மனைவி சொர்ணம்மாள் சீறினாள். “என் உசிருக்கா இந்தக் கணக்கு பாக்கிய? நாலுக்கே போடும் மேஸ்திரி!”

பொன்னுலிங்கம் மேஸ்திரியிடம் பேரம் பேசினார். “செரி, உமக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம். மூணு சக்கரத்துக்குப் போடும் ஓய்!”

ராமானுஜம் திகைத்துப் போனார். “மூணுக்குப் போட்டா வண்டி ஒரு பக்கமா இழுக்குமே!”

“வண்டி இழுக்கது கெடக்கட்டும், நீரு பேச்சை இழுக்காதேயும்!”

பொன்னுலிங்கம் மடியை அவிழ்த்தார். ‘ஒரு சக்கரம்’ என்று பொறித்த திருவிதாங்கூர் செம்புக் காசுகள் மூன்றை எடுத்து ராமானுஜத்தின் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார்.

“எண்ணிக்கிடும். மூணு சக்கரம் இருக்கு.”

சொர்ணம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “ஒத்தச் சக்கரத்தை மிச்சம் பிடிச்சு என்ன கோட்டை கட்டப் போறியளோ!”