பர்மாக்காரரின் மனு

மனுவைப் பிரதியெடுத்துக்கொண்டிருந்த சுந்தரேசனின் பேனா நான்காம் வரியில் நின்றது.

"சிவப்பு அரக்குப் பூசிய இரண்டு பலகைகளுக்கு நடுவே கட்டிய ஓலைச்சுவடி. மேலே தங்கப் பூ வேலை. ஒரு மூலையில் வாள் வெட்டு. கட்டியிருக்கும் நாடாவில் என் பெயர் நெய்திருக்கும்."

அடப் பாவி! அது தன் வீட்டுப் பரணில் அல்லவா கிடக்கிறது!

மனு போட்டவர் அல்சூர் ஏரிக்கரை பங்களாவில் காவலில் இருக்கும் பர்மாக்காரர். பர்மா ராஜாவின் தளபதியாக இருந்தவர். அவர் கையசைத்தால் பத்தாயிரம் பேர் நிற்பார்களாம். படிப்பிலும் புலி, பிக்குகளே சந்தேகம் கேட்க வருவார்களாம். வெள்ளைக்காரன் ராஜாவைக் கப்பலேற்றியதோடு எல்லாம் போயிற்று. இப்போது அவருக்கென்று இருப்பது ஒரே ஒரு காவல் சிப்பாய். அவனும் பாதி நேரம் தூங்குகிறவன்.

சுந்தரேசன் கன்டோன்மென்ட் ஆபீஸ் குமாஸ்தா. மூன்று வருஷத்துக்கு முன் பட்டாளத்தோடு பர்மாத் தலைநகர் மண்டலே போயிருந்தார். சிப்பாய்கள் ஏடுகளை அடுப்பில் போட்டுக்கொண்டிருந்தார்கள். தங்கப் பூ அழகாயிருக்கிறதே என்று ஒரு சுவடியை மட்டும் தூக்கி வந்துவிட்டார். யாருடையது என்று அன்றைக்கு யார் கேட்டார்கள்?

மனுவின் கடைசி வரி: இருபது வருஷம் எழுதிய நூல், வேறு பிரதி கிடையாது, அது கிடைத்தால் ஊர் திரும்பவும் கேட்கமாட்டேன்.

கொடுத்தால் திருட்டு வெளியே வரும், வேலை போகும். போனால் போகட்டும். சுந்தரேசன் கோட்டைக்கூட மாட்டாமல் வீட்டுக்கு ஓடினார். பரணில் ஏறித் துழாவினார். கையில் தூசிதான் வந்தது.

ஈரப் புடவையும் காலித் தாம்பாளமுமாக மனைவி பாகீரதி உள்ளே வந்தாள்.

"அந்தப் பழைய ஏடா? இன்னிக்கு ஆடிப் பதினெட்டாச்சே! மஞ்சள் தடவி, பூ வச்சு, முறையா ஏரியில விட்டுட்டேன். படிக்க ஆளில்லாத ஏட்டை வீட்ல வச்சிருந்தா பாவங்க."

 சுந்தரேசன் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அவளுக்கோ சந்தோஷம் தாங்கவில்லை.

"உங்க பர்மாக்காரருக்கு என்ன பக்திங்கறீங்க! கரையிலேருந்து ஓடி வந்து, கட்டின துணியோட தண்ணியில எறங்கிட்டார். ஏடு மிதந்து போன பக்கமே போனார். கழுத்தளவுத் தண்ணியில ரெண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார். தலை உள்ளே போச்சு, முழுக்குப் போடறார்னு நான் கிளம்பி வந்துட்டேன்."