முன்னாடியும் பின்னாடியும்

"அவர் இனிமே படி ஏற மாட்டாராம் சார். மேக்கப் ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டார்!"

உதவி இயக்குநர் ஓடிவந்து சொன்னதும் டைரக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். முன்னாடிக்கோ வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

முன்னாடி என்பது அவருக்குத் தொழில் வைத்த பெயர். விளம்பரத்தில் 'மருந்துக்கு முன்னாடி' என்று காட்டுவார்களே, அந்த ஆள். மூட்டுவலி, வழுக்கை, மலச்சிக்கல் என்று டிவியில் அவருக்கு வராத வியாதி இல்லை. தெருவில் போனால் முன்பின் தெரியாதவர்கள் நிறுத்தி, "என்ன சார், இன்னும் வயிறு சரியாகலையா?" என்று அக்கறையாக விசாரிப்பார்கள்.

"வியாதியெல்லாம் உங்களுக்கு. குணமாகறது மட்டும் வேற ஒருத்தருக்கா?" என்பாள் மனைவி.

அந்த வேற ஒருத்தர்தான் பின்னாடி. இப்போது கதவைச் சாத்திக்கொண்டவரும் அவர்தான்.

இன்றைக்கு மூட்டு டானிக். முன்னாடி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "அம்மாடி... அப்பாடி..." என்று முனகியபடி படி ஏற வேண்டும். டானிக் குடித்த பிறகு பின்னாடி இரண்டு இரண்டு படியாகத் தாவி ஏறுவார்.

பின்னாடியைக் கண்டாலே முன்னாடிக்கு ஆகாது. ஆள் யாரோடும் உட்கார்ந்து சாப்பிட மாட்டார். வாய்விட்டுச் சிரிக்க மாட்டார். வீட்டிலிருந்தே மேக்கப்போடு வந்து மேக்கப்போடே போவார். நாற்பதுகூட இருக்காது, அதற்குள் எவ்வளவு தலைக்கனம்!

"பாருங்கம்மா" என்றார் முன்னாடி, மேக்கப் போடும் பெண்ணிடம். "பாட்டில்ல 'அம்பது வயசுக்கு மேல'ன்னு எழுதியிருக்கு. குதிக்கறது யாரு? ஒரு பொடியன்! அம்பது தாண்டினவன் குதிச்சா படி இடிஞ்சு விழுந்துடுமா?"

அவள் அவர் கண்ணுக்குக் கீழே கருவளையத்தை இன்னும் கொஞ்சம் கறுப்பாக்கினாள்.

"பேசாதீங்க சார். சுருக்கம் கலையுது."

டைரக்டர் குழைந்துகொண்டே வந்தார்.

"சார், ஒரு உதவி. அவர் சட்டையைப் போட்டுக்கிட்டு நீங்க தாவி ஏறிடறீங்களா?"

"அப்ப இன்னிக்கு நான்தான் பின்னாடியா?"

"பின்னாடியிலிருந்து மட்டும் சார். முகம் வேணாம். முதுகு போதும்."

மானம் போனால் போகட்டும் என்று சட்டையை வாங்கினார். வயிறு குறுக்கே நின்றதில் ஒரு பொத்தான்கூடச் சேரவில்லை. முதுகுதானே தெரியப்போகிறது, முன்பக்கம் திறந்தே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டார். நரைத்த தலைக்கு ஒரு விக்கை மாட்டினார்கள்.

"ஆக்‌ஷன்!"

தாவினார். பாதியில் முட்டி 'மளுக்' என்றது. காதில் விழாத மாதிரி மேலே போய்ச் சேர்ந்தார்.

எல்லாரும் கைதட்டினார்கள்.

"பிரமாதம் சார்! இவ்வளவு தெம்பைக் காலையிலேர்ந்து எங்க வச்சிருந்தீங்க?"

"நீங்கதானே முனகச் சொன்னீங்க!"

இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினார். யாரும் பார்க்கவில்லை என்று ஒரு நிம்மதி.

சட்டையைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் பின்னாடியை நாலு வார்த்தை கேட்காமல் விடக் கூடாது. 'ஏன் தம்பி, இந்த வயசிலேயே கால் வலியா? டானிக் வேணுமா?' என்று வசனத்தை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே கதவைத் தள்ளினார்.

மேசைமேல் ஒரு விக் கிடந்தது. நாற்காலியில் மொட்டைத் தலையோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். முகத்தில் பாதி மேக்கப்பைத் துடைத்திருந்தார். துடைத்த பாதி முழுக்கச் சுருக்கம். வீங்கிய முழங்காலில் ஐஸ் பை.

"வாங்க தம்பி. கதவைச் சாத்திடுங்க" என்றார் அவர். "நல்லா ஏறினீங்கபோல, கைதட்டல் இங்க வரைக்கும் கேட்டுச்சு. நான்தான் டைரக்டர்கிட்ட உங்களைப் போடச் சொன்னேன். எத்தனை நாளைக்குத்தான் உங்களை முனகவே விடுவாங்க?"

முன்னாடி கதவைச் சாத்திவிட்டு, சட்டையை மடித்து மேசைமேல் வைத்தார்.

"உங்களுக்கு... என்ன வயசாகுதுங்கண்ணே?"

"அறுபத்தஞ்சைத் தாண்டியாச்சு. வெளியில மூச்சு விட்டுடாதீங்க தம்பி" என்று குரலைத் தாழ்த்தினார் பின்னாடி. "தெரிஞ்சுதுன்னா, உங்க வேலையைப் பிடுங்கி எனக்குக் குடுத்துடுவாங்க."