ஆயிரம் முத்தங்களுடன்

காப்பகத்தின் வாசிப்பு இயந்திரம் பழைய கடிதங்களைப் படித்து, திருத்திய நகலைத் தந்துவிட்டு, அசலைத் தூளாக்கிவிடும். லோகநாதன் என்ற ஆலைத் தொழிலாளி ஆரோக்கியம் என்ற இன்னொரு தொழிலாளிக்கு எழுதிய பதினேழு கடிதங்களில் மூன்று அப்படிப் போய்விட்டன.

மூன்றாவதன் கடைசி வரியை ஆய்வாளர் குழலி முன்பே கண்ணால் படித்திருந்தாள்: 'ஆயிரம் முத்தங்களுடன்.' நகலில் 'ஆயிரம் வணக்கங்களுடன், உன் சகோதரன்' என்றிருந்தது.

"என்ன சார் இது?"

"ஆம்பளைக்கு ஆம்பளை முத்தமா குடுப்பான்? கை தவறி எழுதிருப்பான்மா. மெஷின் சரி பண்ணிருக்கு," என்றார் அலுவலர் தங்கதுரை.

குழலி, தன்னோடு வாழும் ரெஜினா காலையில் சாப்பாட்டுப் பையில் வைத்த சீட்டை எடுத்து இயந்திரத்தில் செருகினாள். 'என் பொண்டாட்டிக்கு, தயிர்சாதத்தை மிச்சம் வைக்காதே' என்று ரெஜினா எழுதியிருந்தாள். 'அன்புத் தங்கைக்கு, தயிர்சாதத்தை மிச்சம் வைக்காதே' என்று நகல் வந்தது. சீட்டு தூளாகிக் கொட்டியது.

"இதுவும் கை தவறினதா சார்? எழுதினவ வீட்லதான் இருக்கா. போன் போட்டுக் கேளுங்க!"

தங்கதுரை அடுத்த கடிதத்துக்குக் கை நீட்டினார். குழலி மிச்சக் கடிதங்கள் இருந்த பெட்டியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு பென்சிலை எடுத்தாள்.

"போலீஸக் கூப்பிடுங்க. அவங்க வர்றதுக்குள்ள பதினாலையும் கையால எழுதிருவேன். முத்தத்தையும் சேத்து."