மூன்றாவது டேக்

கொல்லைப்புறத்தில் ஆரோக்கியம்மாள் அரிவாள்மணைக்கு முன்னால் உட்கார்ந்து மீன் அறுத்துக்கொண்டிருந்தாள். புறங்கையெல்லாம் செதில். பெட்டியை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே ஓடிவந்த மகள் ஆக்சிலியா அதைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

“வூட்டுலயும் இதே வேலையாம்மா? கடைக்காரங்க இங்கயே குடுத்தனுப்பறாங்களா?”

“அட மாதாவே! ஏண்டி, சொல்லாம கொள்ளாம வந்து நிக்கற?”

“மொதல்ல நீ சொல்லு. ஒகேனக்கல்ல எந்தக் கடையில மீன் கழுவற? எத்தன நாளா?”

ஆரோக்கியம்மாள் மகளை ஏற இறங்கப் பார்த்தாள். “ஏண்டி, ஏரோப்பிளேன்ல எதாச்சும் ஊத்திக் குடுத்தாங்களா?”

ஆக்சிலியா சிரிக்கவில்லை. டப்ளின் நகரத்து முதியோர் இல்லம் ஒன்றில் அவள் நர்ஸ். அண்ணன் மகள் சர்ச்சில் முதல்முறை நற்கருணை வாங்கும் புதுநன்மை விழாவுக்கு வரச்சொல்லி அம்மா கூப்பிட்டபோது, “லீவே இல்லம்மா” என்று சொல்லிவிட்டாள். இருந்த லீவை அங்கே நடந்த சர்வதேச சுயாதீனத் திரைப்பட விழாவுக்கு எடுத்துக்கொண்டாள்.

விழாவில் ஒரு தமிழ்ப் படமும் இருந்தது. தருமபுரிப் பக்கம் எடுத்தது என்று கேள்விப்பட்டதும் முன்வரிசையில் போய் உட்கார்ந்தாள். திரையில் ஒகேனக்கல், மீன் வறுவல் கடைகளின் புகை. ஒரு கடைக்குப் பின்னால் மீன் கழுவிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தாள். அம்மா.

அடுத்த காட்சியில் அம்மா ஒரு கட்டம் போட்ட முழுக்கைச் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். செத்துப்போன அப்பாவின் சட்டையாக இருக்கும் என்று ஆக்சிலியா நினைத்தாள். அம்மா கேமராவைப் பார்த்துப் பேசினாள். “என் பொண்ணு வெளிநாட்டுல இருக்கறா. பாத்துப் பல வருசமாச்சு. போன் பண்ணுனா, வேலையா இருக்கறேன், அப்பறம் பேசறேங்கறா.”

அதற்கு மேல் பேச முடியாமல் அழுதாள். அரங்கத்தில் அங்கங்கே மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

பக்கத்து இருக்கையில் இருந்த ஐரிஷ்காரப் பெண் ஆக்சிலியாவின் கையில் ஒரு டிஷ்யூவைத் திணித்தாள். “அந்த மகளுக்கு மனசே கிடையாதா?” என்று ஆங்கிலத்தில் கிசுகிசுத்தாள். ஆக்சிலியா டிஷ்யூவை வாங்கிக்கொண்டாள்.

படம் முடிந்து இயக்குநர் மேடையேறிப் பேசப்போகிறார் என்று அறிவித்தார்கள். அதுவரை அவளால் இருக்க முடியவில்லை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று அடுத்த நாளே ஒரு பொய் சொல்லி அவசர விடுப்பு வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

படத்தில் பார்த்ததை மகள் சொல்லக் கேட்டு முடித்த ஆரோக்கியம்மாள், செதில் ஒட்டிய கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “அந்த சினிமா அங்க வரைக்கும் வந்துருச்சா? டேய் ஆனந்து, இங்க வா. உந்தங்கச்சி என்னைய சினிமாவுல பாத்துட்டு, நான் மீன்கடையில வேலைக்குப் போறேன்னு ஓடியாந்திருக்கறா.”

மரிய ஆனந்த் லுங்கியை மடித்துக் கட்டியபடி வந்தான். “அடிப் பைத்தியமே, அது டாக்குமெண்டரி இல்ல. கதை. நடிக்கத் தெரியாதவங்களா வெச்சு எடுக்கறதுதான் அந்த டைரக்டரோட ஸ்டைலாம். சர்ச்சுல பூச முடிஞ்சு வந்த கூட்டத்துல அம்மா மொகத்தப் பாத்துட்டு வுடவே இல்ல. நாங்கூடத்தான் நடிச்சேன். பரிசல்ல போறவன். பாத்தியா?”

“உன்னப் பாக்கலண்ணா.”

“வெட்டிப்புட்டானுங்களா? ரெண்டு நாள் வெயில்ல காயவுட்டானுங்க.”

“அப்ப இந்த மீனு?”

“இன்னிக்கு ஞாயித்துக்கெழமடி. திங்கறதுக்கு நான்தான் வாங்கியாந்தேன். அம்மாவ நான் கடை வேலைக்கு அனுப்புவனா?”

ஆக்சிலியா துணி துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்தாள். “ஏம்மா, இதையெல்லாம் எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னா என்ன?”

“சொல்லத்தான் போன் பண்ணுனேன். டூட்டியில இருக்கறேன்னு வெச்சுட்ட.”

ஆக்சிலியா தலையைக் குனிந்துகொண்டாள். ஆனாலும், திரையில் பார்த்த அந்தப் பெண் தன் அம்மா இல்லை, யாரோ எழுதிய ஒரு பாத்திரம் என்பதே அவளுக்குப் போதுமானதாக இருந்தது. டப்ளினில் இருந்து சுமந்துவந்தது இறங்கியதுபோல் இருந்தது. சிரிப்புகூட வந்தது.

“எவனோ எழுதுன வசனத்த நம்பி நான் ஏரோப்பிளேன் புடிச்சு வந்திருக்கறேன் பாரு. ஆனாலும் நீ அசத்திட்டம்மா. அங்க அத்தன வெள்ளக்காரங்களும் மூக்கச் சிந்துனாங்க. எப்பிடி அப்பிடி அழுத? கிளிசரின் போட்டாங்களா?”

“அதெல்லாம் ஒன்னுமில்ல” என்றான் ஆனந்த். “ரெண்டு டேக் எடுத்தும் அம்மாவுக்கு ஒரு சொட்டு வல்ல. டைரக்டர் தலையில கைய வெச்சு உக்காந்துட்டாரு. மூணாவது டேக்குல என்ன ஆச்சோ, கட் சொன்னதுக்கப்பறமும் அம்மா நிறுத்தல.”

“ஆனந்து” என்றாள் ஆரோக்கியம்மாள். “வாசல்ல கெடக்கற பெட்டிய எடுத்து உள்ள வைய்யி, போ.”

அவன் போனான். அவள் இன்னொரு மீனை எடுத்து அரிவாள்மணையில் வைத்தாள். மகளைப் பார்க்காமலேயே சொன்னாள்.

“வசனத்துல பையன்னுதான் இருந்துச்சு. பொண்ணுன்னு மாத்துனேன், அழுவை தன்னால வந்துருச்சு.”