சூரியன் எடுத்துக்கொண்ட போட்டோ

போட்டோ பிடிக்கிற வால்நட்சத்திரம் வந்திருந்தது. சூரியன் முதலில் தனியாக ஒரு படம் எடுத்துக்கொண்டது. முகத்தில் ஒரு கரும்புள்ளி விழுந்திருந்தது.

"இது என்ன, மச்சமா?"

"குறுக்கே போன புதன் சார்."

"டச்சப் பண்ணி எடுத்துடு," என்றது சூரியன். புதன் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தது.

அடுத்து, தனக்குப் பெரிய இடத்துப் பழக்கம் இருப்பதைக் கிரகங்களுக்குக் காட்ட, திருவாதிரை நட்சத்திரத்தோடு ஒரு படம். நூற்றுக்கணக்கான சூரியன்களை வரிசையாக நிறுத்தினால்தான் திருவாதிரையின் அகலம் வரும். அதை முழுசாக ஒரு படத்துக்குள் அடக்க, வால்நட்சத்திரம் பின்னால் நகர்ந்து நகர்ந்து போய், திரும்பி வரச் சில ஆயிரம் வருஷம் ஆகிவிட்டது. அதுவரை சூரியன் சிரித்த முகமாகவே நின்றது.

படம் வந்தது. இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை திருவாதிரைதான். சூரியன் தேடித் தேடிப் பார்த்தது.

"இதில் நான் எங்கேப்பா?"

வால்நட்சத்திரம் வாலைச் சொறிந்தது. "அக்கா கன்னத்தில் ஒரு பரு மாதிரி இருந்தீங்க சார். அவங்கதான் டச்சப் பண்ணி எடுக்கச் சொன்னாங்க."

சூரியனுக்கு முகம் வாடிவிட்டது. புதன் மெல்லப் பக்கத்தில் வந்தது.

"பழகிடும்ணே," என்றது.