தொட்டிக்குப் புதுசு

“உங்க தொட்டியில ஏற்கெனவே யார் இருக்காங்க சார்?”

பிரேசர் டவுன் மீன் கடை ஓஸ்வால்ட், சம்பந்தம் பேச வந்தவர் போல விசாரித்தார்.

“ஒரே ஒரு நீலம். நீங்க கொடுத்த ஆப்பிரிக்கா மீன்தான். மூணு வருஷமா தனியா இருக்கு,” என்றார் ஆராவமுதன். “தொட்டி ரெண்டரை அடி. இன்னொரு நீலம் போட்டா ஜோடியா இருக்குமேன்னு...”

“வேணாம் சார். ஒரே கலர்னா போட்டிக்கு வந்திருக்கான்னு நெனச்சுக்கும். இதுங்க ஒவ்வொண்ணும் ஒரு ஹவுஸ் ஓனர். சின்னதா வாங்கிட்டுப் போனா ரெண்டே நாள்ல வால் இருக்காது.”

“அப்போ சாதுவா ஒண்ணு?”

“ரொம்ப சாதுவும் ஆகாது. வம்புக்குப் போகக் கூடாது, வந்தா திரும்பி ஒரு பார்வை பார்க்கணும். இந்த மஞ்சளை எடுத்துக்கோங்க. நீலத்தோட சைஸ்தான்.”

ஆட்டோவில், மடிமேல் பாலிதீன் பையோடு உட்கார்ந்திருந்த ஆராவமுதனுக்கு ஸ்னேஹாவின் ஞாபகம் வந்தது. மகன் ரகுராம் நாளைக்குப் புது மனைவியோடு வருகிறான். இனிமேல் இங்கேதான்.

அந்தப் பெண் திரும்பிப் பார்க்கிற ரகமாகத் தெரியவில்லை. மனைவி ஜெயலக்ஷ்மியின் சமையலறையிலோ முப்பது வருஷமாக ஒரு டப்பா இடம் மாறியது கிடையாது. கரண்ட் போனாலும் பெருங்காயம் தானாகக் கைக்கு வரும். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு நாள் வந்தபோது, எது எங்கே என்று கேட்டுக் கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போனாள் ஸ்னேஹா. பரீட்சைக்குப் படிக்கிற முகம்.

அல்சூர் வீட்டுக்குள் நுழைந்தவர் அப்படியே நின்றார். சமையலறைச் சாமானெல்லாம் தரையில். வேலைக்கு வரும் சந்திரம்மா ஸ்டூல்மேல். ஜெயலக்ஷ்மி ஹாலில், சமையலறைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வாரப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தாள்.

“என்னடி இது?”

“எல்லாத்தையும் இடம் மாத்தச் சொல்லியிருக்கேன்.”

“நாளைக்கு அந்தப் பொண்ணு வராளே. நோட்டுல எழுதிண்டு போனாளே.”

“அந்த நோட்டு இனிமே உதவாது,” என்று பக்கத்தைத் திருப்பினாள்.

உள்ளேயிருந்து சந்திரம்மா, “சர்க்கரை எங்க வெக்கட்டும்மா?” என்றாள்.

“என்னைக் கேக்காதே. உன் இஷ்டம்.”

“அப்புறம் என்னைத் திட்டக் கூடாது.”

ஆராவமுதனுக்குச் சந்தேகம் வந்தது. வந்த அன்றைக்கே தடுமாறட்டும் என்று குழி வெட்டுகிறாளா? கேட்டுவிடலாமா? மீனுக்குப் பொருத்தம் பார்க்க முக்கால் மணி நேரம் செலவழிக்க முடிந்தது. அந்தப் பெண்ணுக்காக ஒரு வார்த்தை கேட்க நாக்கு எழவில்லை. இதற்கு என்ன பெயர், பெருந்தன்மையா, பயமா? பயம்தான்.

நேரே போய் மஞ்சளைத் தொட்டியில் விட்டார். கற்குகைக்குள்ளிருந்து நீலம் புறப்பட்டு வந்தது. ஒரே விரட்டு. மஞ்சள் ஃபில்டருக்குப் பின்னால் போய் ஒடுங்கியது.

மறுநாள் காலையில் ரகுராமும் ஸ்னேஹாவும் வந்து சேர்ந்தார்கள். குளித்த கையோடு ஸ்னேஹா நோட்டுடன் சமையலறைக்குள் போனாள். ஆராவமுதன் தொட்டிக்கு முன்னால் நின்றார். கண் மஞ்சளின் கிழிந்த வாலில், காது உள்ளே.

“அம்மா, ரெண்டாவது தட்டுல சர்க்கரைன்னு எழுதியிருக்கேன். இது உளுந்து.”

“அப்படியா? எனக்குக் காபிப் பொடியே அகப்படலை. வா, தேடலாம்.”

டப்பாக்கள் திறந்து மூடும் சத்தம்.

“இது ரவை.”

“இது என்னடி, ராகி மாவுக்குப் பக்கத்துல சோப்புப் பொடி? அந்தச் சந்திரம்மாவை...”

முதலில் ஸ்னேஹா சிரித்தாள். அப்புறம் இரண்டு பேரும்.

சற்று நேரத்தில் ஸ்னேஹா டபரா டம்ளரோடு வந்தாள். “சர்க்கரை இன்னும் கிடைக்கலைப்பா. வெல்லம் போட்டிருக்கேன். வெல்லத்தை நான்தான் கண்டுபிடிச்சேன்.” கக்கத்தில் இடுக்கியிருந்த நோட்டை டீபாயில் போட்டுவிட்டு உள்ளே ஓடினாள்.

பின்னாலேயே புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வந்த ஜெயலக்ஷ்மியிடம், குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

“நிஜமாவே உனக்கும் தெரியாதா, எது எங்கேன்னு?”

“தெரியாது.”

“எதுக்குடி இந்த வேலை?”

அவள் தொட்டியைப் பார்த்தாள். மூலையில் மஞ்சள் நடுங்கிக்கொண்டிருந்தது.

“அடடா. நேத்து நீங்க வரதுக்கு முன்னாடி மீன் கடைக்காரர் ஃபோன் பண்ணினாரே. புது மீனை விடறதுக்கு முன்னால உள்ளே இருக்கற கல்லையெல்லாம் இடம் மாத்தி வெக்கணுமாம். அப்போ பழசுக்கும் எது தன் இடம்னு தெரியாதாம், புதுசை விரட்டாதாம். உங்ககிட்டே சொல்லத்தான் மறந்துட்டேன்.”